10 அம்பியர் இடத்தில் 30 அம்பியர் பியூஸ்: யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருப்பவர்கள் கவனம்

கோபம் இன்னும் ஆறவில்லை. 48,500 ரூபாய் போய்விட்டது. காசை விட, கார் எரியாமல் தப்பியது கடவுள் புண்ணியம்.

என் காரில் பார்க் லைட் போட்டால் 10 அம்பியர் பியூஸ் போய்விடும், அதோடு பின் லைட்டும் அணைந்துவிடும். மாற்றினால் கொஞ்ச நேரம் எரியும், பள்ளத்தில் ஏறி இறங்கினால் திரும்பவும் போய்விடும். இரவில் பின் லைட் இல்லாமல் கண்டி வீதியில் ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அதனால் நகருக்குள் வயரிங் வேலை மட்டும் செய்யும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்தவர் கதைத்த விதம்தான் நம்ப வைத்தது. ஊர் கேட்டார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பிறகு எலி கடித்த வயர்த் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக் காட்டி, "இதுதான் அண்ணை பிழை. பின் வயரிங் செட் முழுக்க மாத்தவேணும். நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ, பின்னேரம் கோல் பண்ணுறன்" என்றார். சாவியைக் கொடுத்தேன். பின்னேரம் லைட் எல்லாம் எரிந்தது. 48,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, புத்தகம் முடிந்துவிட்டது, நாளைக்குத் தருகிறேன் என்றார்.

அடுத்த கிழமை இரவு கைதடி தாண்டும்போது பிளாஸ்டிக் கருகும் மணம். நிறுத்தி பியூஸ் பெட்டியைத் திறந்தால், சிவப்பு 10 அம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை 30 அம்பியர்! அந்த மெல்லிய வயர் தாங்கும் அளவுக்குத்தான் 10 போட்டிருக்கிறார்கள். 30 போட்டால் பியூஸ் போகாது, வயர்தான் உருகும்.

கோல் எடுத்தால் "பாஸ் கொழும்புக்குப் போயிட்டார்". நேரில் போனால் "அது வேற பிழை அண்ணை, நாங்கள் செய்த வேலை சரி". கடைசியில் "பில் இருக்கோ?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு என் நம்பருக்குப் பதிலே இல்லை.

சாவகச்சேரியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் பிழையைக் கண்டுபிடித்தார். பியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் 21 வாட் பல்ப் ஒன்றை வயர் வைத்துக் கொழுவினார். ஷார்ட், அதாவது வயர் காரின் இரும்பில் முட்டி மின்சாரம் நேரே பாய்வது, இருக்கும் வரை அது முழு வெளிச்சமாக எரியும், விலகினால் மங்கும். பிறகு வயர்களை ஒவ்வொரு இடமாக ஆட்டிப் பார்த்தார். டிக்கிக் கதவுப் பிணைச்சலில் உள்ள றப்பர் குழாயைத் தொட்டதும் பல்ப் மங்கிப் பளிச்சிட்டது. உள்ளே நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகும் வயர் தோல் உரிந்து காரின் இரும்பு உடம்பில் முட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து மூடி மூடி வந்த தேய்மானம். அதையும் உருகின துண்டையும் வெட்டி, புது வயர் ஈயம் பற்றவைத்து முடித்தார். 3,000 ரூபாய்தான் வாங்கினார்.

பின் வயரிங் செட்? கம்பனியில் சுற்றின டேப் அப்படியே இருக்கிறது. ஒரு வயர் கூட மாற்றவில்லை. அப்படியென்றால் எனக்குக் காட்டிய எலி கடித்த துண்டு யாருடைய வண்டியினுடையது? அந்தத் துண்டுக்கா 48,500 ரூபாய்?

அவசரமாகச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் அம்பியரையும் போட்டிருக்கும் பியூஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில் கையில் வராமல் காசு கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள், நானும் நாளை காலை அழைக்கிறேன்.