கருங்கல் கிணற்றுக்கு முழு ராடா, பிட் மாட்டும் ராடா?

எங்களிடம் ஒரு டிராக்டர் கம்ப்ரசர், இரண்டு ஜாக்ஹேமர். பாறையில் குழி போட ஹேமரில் மாட்டும் இரும்புக் கம்பிதான் ராடு. எட்டு வருடம் முழு ராடில்தான் கிணறு வெட்டினோம். இரண்டு வருடமாக டேப்பர் ராடு, அதன் நுனியில் பட்டன் பிட், அதாவது கடினமான குமிழ்கள் பதித்த, கழற்றி மாட்டும் வாய். ஏன் மாறினோம் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டும் 22 மி.மீ. அறுகோணக் கம்பிதான். ஒரே ஹேமரில் மாட்டலாம், காற்றழுத்தமும் அதே 5, 6 பார்தான். முழு ராடில் கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) உளிவாய் ராடோடு சேர்ந்தே வரும். டேப்பரில் நுனி கூம்பாக இருக்கும், பிட்டைத் தனியாகத் தட்டி மாட்ட வேண்டும்.

என்னை மாற்றியது வாய் தேய்வதும் அதற்குப் பிடிக்கும் சாணையும். முழு ராடு செட்டாக வரும்: 800 மி.மீ. நீளத்துக்கு வாய் 34, 1600க்கு 33, 2400க்கு 32. முதல் ராடு போட்ட குழிக்குள் அடுத்தது தாராளமாக இறங்கத்தான் இந்த ஒரு மில்லி வித்தியாசம். ஆனால் நம் கருங்கல் வாயின் ஓரத்தை அரித்துவிடும். 34 தேய்ந்து 33க்குக் கீழே போனதைக் கவனிக்காமல் அடுத்த ராடை இறக்கினால் பாதியில் பிடித்துக்கொள்ளும். அறுபதடிக் கிணற்றின் அடியிலிருந்து “அண்ணா, ராடு கடிக்குது” என்று குரல் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்பேனர் போட்டுத் திருகி எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

உளிமுனையில் வெள்ளைக்கோடு போலத் தட்டை தெரியும். அது இரண்டரை மில்லிக்கு அகலமாவதற்குள் சாணை பிடித்தாக வேண்டும், அதுவும் கார்பைடுக்கான பச்சைக் கல்லில். ஒருமுறை பட்டறையில் சாதாரணக் கல்லில் பிடித்து, வாய் சிவந்ததும் வாளித் தண்ணீரில் முக்கிக் கொடுத்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மறுநாள் இரண்டாவது குழியிலேயே கார்பைடு சில்லு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. சூடான கார்பைடைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். வாய் போனால் ராடே போச்சு.

பட்டன் பிட்டில் இந்த அலைச்சல் வெகுவாகக் குறைந்தது. பட்டன் தலையில் விழும் தட்டை, பட்டன் அகலத்தில் பாதியைத் தொடும் முன் பிட்டைக் கழற்றி வைத்துவிடுகிறோம். புது பிட்டை முதல் ராடுக்குப் போடுவோம், தேய்ந்ததை ஆழத்துக்கு ஒதுக்குவோம். ஆளாளுக்கு ஒரு ஸ்லைடு காலிப்பர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலையில் அளந்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

இதிலும் தொல்லை உண்டு. கூம்பின் கோணம் 7, 11, 12 டிகிரி என்று வேறுவேறாக வரும். மாற்றி மாட்டினால் பிட்டின் பாவாடை, அதாவது கூம்பைச் சுற்றி உட்காரும் பகுதி, பிளந்துவிடும். பாறையில் அழுத்தாமல் ஹேமரை வெறுமனே அடிக்கவிட்டால் பிட் கழன்று குழிக்குள் தங்கிவிடும். எங்களுக்கு அப்படி மூன்று பிட் போயிருக்கிறது. கூம்பின் கழுத்தில் ராடு முறிவதும் உண்டு.

எந்த ராடானாலும் ஷேங்கில், அதாவது ஹேமருக்குள் போகும் முனையில், எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். காய்ந்திருந்தால் காற்றோடு எண்ணெய் கலந்துவிடும் லூப்ரிகேட்டரைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ராடின் நடுத்துளை வழியே தண்ணீரும் விடுங்கள். 1890களில் அமெரிக்காவில் பாறை துளைக்கும் இயந்திரம் செய்த லெய்னர் என்பவர் அந்தத் துளையில் முதலில் காற்றைத்தான் விட்டார். தூசி தாங்காமல் ஆட்கள் மறுத்த பிறகுதான் தண்ணீருக்கு மாறினார். கிணற்றடியில் அந்தத் தூசிக்குப் போக வேறு இடமில்லை, ஆளின் நுரையீரலுக்குத்தான் போகும்.

நான் சொல்வதெல்லாம் கருங்கல் அனுபவம். சுண்ணாம்புப் பாறையில் நான் அதிகம் ஓட்டியதில்லை, அங்கே உளிவாய் இவ்வளவு சீக்கிரம் தேயாமல் இருக்கலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு கிணறுதான், பக்கத்திலேயே பச்சைக்கல் வைத்த நல்ல பட்டறையும் இருக்கிறது என்றால் முழு ராடே போதும். எங்களுக்கு அந்தப் பட்டறை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.