அம்பிளிஃபயருக்கு எந்த பவர் கேபிள்? ஹட்டனில் வாங்கியதும் கொழும்பில் இருந்து வந்ததும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பிளிஃபயருடன் வந்த வயரில் சரியான பிளக் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இல்லாவிட்டால் ஒன்றரை சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் உங்கள் கண்முன்னே ஒன்றைச் செய்வித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு அழகுக்குத்தான்.

நான் சங்கீத ஆசிரியை; வீடு டிக்கோயாவில். எனக்கு வந்த அம்பிளிஃபயரில் உருண்டை ஊசி இரண்டு கொண்ட ஐரோப்பிய பிளக் இருந்தது. நம் வீடுகளில் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. சதுர ஊசி சொக்கட்டின் மேலே உள்ள எர்த் துளையில் (எர்த் என்பது கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு அனுப்பும் பாதுகாப்பு இணைப்பு) பேனாவை விட்டு நெம்பி, கீழே உள்ள இரண்டு துளைகளிலும் அந்த பிளக்கைத் திணித்துவிடுவார்கள். கரண்ட் வரும், பாட்டும் வரும். ஆனால் எர்த் எங்கும் சேராது. அப்படிச் சொருகிய அம்பிளிஃபயரின் உலோகப் பெட்டியைப் புறங்கையால் தடவிப் பாருங்கள், மெல்லிய மின் அதிர்வாக ஒரு சுறுசுறுப்பு தெரியும். தற்செயலாக உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியில் பட்டால் அது சுறுசுறுப்போடு நிற்காது. எனவே எனக்கு வேறு வயர் தேவைப்பட்டது.

ஹட்டன் பஜாரில் முதலில் கையில் கொடுத்தது, கம்ப்யூட்டருக்கு என்று விற்கும் பளபளப்பான தடித்த வயர். கடையின் பெயர் வேண்டாம். தடிப்பெல்லாம் பிளாஸ்டிக். பிளக்கின் மூன்று ஊசிகளிலும் பாதி வரை கறுப்பு உறை. தரமான பிரித்தானிய வகை 13 ஆம்பியர் பிளக்கில் லைன், நியூட்ரல் ஊசிகளுக்கு மட்டுமே உறை இருக்கும். எர்த் ஊசி முழுவதும் உலோகமாகவே இருக்க வேண்டும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மூடியும் இல்லை, ஃபியூஸும் இல்லை. வீட்டில் அறுத்துப் பார்த்தேன். இழைகள் மேலே செம்பு நிறம், கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். இன்னும் சில மலிவு வயர்களில் உள்ளே இரும்பு, காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் நல்லது. ஆனால் அலுமினியம் காந்தத்துக்கு அகப்படாது. அதற்குக் கத்திதான்.

இரண்டாவது கடையில் முதலாளி சுருளில் இருந்து மூன்று இழை வயரை வெட்டினார். உறையின் மேல் 1.5 என்று அச்சிட்டிருந்தது. பழுப்பு லைனுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை மஞ்சள் எர்த்துக்கு. ஒரு முனையில் 13 ஆம்பியர் பிளக், மறுமுனையில் அம்பிளிஃபயருக்குள் போகும் மூன்று துளைத் தலை. திருகுகளை இறுக்கிவிட்டு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துக் காட்டினார். ஃபியூஸ் மட்டும் நான் மாற்றச் சொன்னேன். பிளக்கோடு வருவது 13 ஆம்பியர். என் அம்பிளிஃபயரின் பின்னால் எழுதியிருப்பது 300 வாட். 230ஆல் வகுத்தால் ஒன்றரை ஆம்பியர்கூட வராது. 5 போதும்.

இனி கொழும்புச் சரக்கு. தம்பி மகன் கொண்டுவந்தான். விரல் பருமன், பின்னல் துணி உறை, தங்க முலாம் பூசிய ஊசிகள். அதன் விலைக்கு ஒரு சோடி நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது, பிளக் சொக்கட்டில் கச்சிதமாக உட்கார்கிறது. "அத்தை, பேஸ் இறுகிவிட்டது, கேட்கிறதா?" என்றான், அடித்தொனி தெளிவாகிவிட்டதாம். கேட்கவில்லை. அவன் திரும்பி உட்கார, நான் கேபிளைக் கழற்றி அதையே மீண்டும் சொருகினேன். அதற்கும் பேஸ் இறுகிவிட்டது என்றான்!

கணக்கும் என் காதின் பக்கம்தான். 300 வாட் இழுக்கும்போது, ஒன்றரை மீற்றர் நீளமுள்ள முக்கால் சதுர மில்லிமீற்றர் வயருக்கும் ஒன்றரை வயருக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு. காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜில் மின்சாரமாகிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் மாலையில் எல்லா வீடுகளிலும் அடுப்பும் அயர்னும் ஏறும் நேரம் எங்கள் லைனில் பல வோல்ட் இறங்கி ஏறுகிறது. அந்த ஊசலாட்டத்தைப் பின்னல் துணியா தடுக்கப்போகிறது?

உண்மையில் காதில் விழுந்த வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. எர்த்தோடு கூடிய வயரைப் போட்டதும் சுறுசுறுப்பு போய், ஸ்பீக்கரில் ஊம் என்ற இரைச்சல் வந்தது. பாட்டு கம்ப்யூட்டரில் இருந்து வருகிறது, அது வேறு சுவரில் சொருகியிருந்தது. இரண்டு எர்த்துகளும் ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு வளையம், அதற்குள் ஓடும் மின்சாரம்தான் இரைச்சலாகக் கேட்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 100, 150. ஐந்து கட்டைச் சுருதியின் சட்ஜத்தை, அதாவது 'ஸ'வை, ஸ்தாயி ஸ்தாயியாகக் கீழே இறக்கிக்கொண்டே போனால் 98, 49 ஹெர்ட்ஸ். அதாவது இந்த இரைச்சல் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, அரைக் கட்டையும் எட்டாமல் நிற்கிறது. 150 அதற்கே பஞ்சமம் பிடிக்கிறது. சுருதி சேராத தம்புரா ஒன்றை இலவசமாக வைத்துக்கொண்டு ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலைக் கேட்பது சங்கீத ஆசிரியைக்குத் தண்டனை.

பஜாரில் ஒருவர் சொன்ன யோசனை, "எர்த்தைக் கழற்றிவிடுங்கள் டீச்சர், சத்தம் நின்றுவிடும்." நிற்கும்தான். ஆபத்தும் திரும்ப வந்து உட்காரும். நான் செய்தது, கம்ப்யூட்டரையும் அம்பிளிஃபயரையும் ஒரே மல்டி பிளக்கில் சொருகியது. இரைச்சல் ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும் கேட்கும் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. தொலைக்காட்சியை இணைத்திருப்பவர்கள் டிஷ் அன்டெனா வயரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம், அது வழியாகவும் இந்த வளையம் உருவாகும்.

வாங்கப் போகுமுன் கருவியின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் சிடி பிளேயரில் எட்டு வடிவத் துளைதான். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறது, அதற்கு எர்த்தே தேவையில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கினால் எந்த வயராக இருந்தாலும் கழற்றி வைக்கிறேன். ஹட்டன் முதலாளி செய்துகொடுத்த பிளக் கொஞ்சம் இறுக்கம், இழுக்க இரண்டு கை வேண்டும். அது ஒன்றுதான் குறை.