ஸ்மார்ட்ஹிஸ்டரி: கலை வரலாறு படித்தவருக்கு வேலைக்கு உதவுமா?

கலை வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஸ்மார்ட்ஹிஸ்டரி என்ற கலை வரலாற்று இணையதளத்தைத்தான். இலவசம், தளத்தில் விளம்பரத் தொல்லை கிடையாது. பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஸக்கர் என்ற இரண்டு அமெரிக்கக் கலை வரலாற்றாளர்கள் 2005-ல் ஆரம்பித்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வீடியோக்கள். இரண்டு பேர் ஒரு ஓவியத்தின் முன்னாலோ சிலையின் முன்னாலோ நின்று, எழுதி வைத்துப் படிக்காமல், சில நிமிடங்கள் பேசிக்கொள்கிறார்கள். முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறார்கள், கை எங்கே நீள்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கல்லா மரமா உலோகமா. அப்புறம்தான் யார் செய்யச் சொன்னார், எதற்காக என்ற பேச்சு. நான் முதுகலை படித்த இடத்தில் ஸ்லைடைப் போட்டு வம்சத்தையும் நூற்றாண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்களே தவிர, ஒரு சிலையின் முன் நிறுத்திப் பேச விட்டதே இல்லை. அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவோ, காலரியோ, ஏல நிறுவனத்தில் கேட்லாக் எழுதும் வேலையோ, எங்கே போனாலும் கடைசியில் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரிய வேண்டும், எழுதத் தெரிய வேண்டும். ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இரண்டு வாக்கியத்தில் நின்றுவிடுவார்.

அதனால் இதைச் சும்மா பார்க்காதீர்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டு, நீங்களே தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசிப் பதிவு செய்யுங்கள், பிறகு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று பளிச்சென்று தெரியும்.

கட்டுரைகளும் நம்பகமானவை, எழுதியவர் பெயர் இருக்கும். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி என்ற கல்லூரி நிலைக் கலை வரலாற்றுத் தேர்வுக்கான 250 படைப்புகள் இங்கே உண்டு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள சோழர் கால நடராசர் அதில் ஒன்று. ஆனால் ஐரோப்பாவுக்குக் கிடைத்திருக்கிற இடத்தோடு ஒப்பிட்டால் தென்னிந்தியா ரொம்பக் குறைவு. தமிழில் எதுவும் கிடையாது. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டின் காட்சிக் கலைத் தாளுக்கோ, அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் தேர்வுக்கோ இதை மட்டும் நம்பிப் போனால் போதாது.

பெரிய குறையாக எனக்குப் படுவது வேறு. இன்று உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள சிலைகள் எந்தக் கை வழியாக வந்தன என்று தேடும்படி ஆகியிருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, 2014-ல் திருப்பிக் கொடுத்தது. அது திருட்டுச் சிலைதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. பீடத்துக் கல்வெட்டைப் படிப்பது, பழைய படத்தில் திருவாசியின், அதாவது சிலையைச் சுற்றியுள்ள வளையத்தின், சுடர் எங்கே உடைந்திருக்கிறது என்று ஒப்பிடுவது, விற்பனைக் காகிதத்தைச் சந்தேகிப்பது, இந்த வேலையை ஸ்மார்ட்ஹிஸ்டரியில் படித்துத் தேற முடியாது. களவுபோன கலைப்பொருட்கள் பற்றிய நல்ல பக்கங்கள் இருக்கின்றன, விஷயம் புரியும், கை பழகாது. தமிழ் படிக்கத் தெரிந்த கலை வரலாற்று மாணவருக்கு வெளிநாட்டுக்காரரை விட முன்னால் நிற்க வாய்ப்புள்ள இடமே இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன், ஆகவே கல்வெட்டுப் பயிற்சியைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று. அவர்கள் எடுத்த புகைப்படங்களை வகுப்புக்கும் ஆய்வுக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், பெயர் குறிப்பிட வேண்டும். வணிகத்துக்கு அனுமதி இல்லை. காலரியில் சேர்ந்த புதிதில் அவசரத்துக்கு அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து விற்பனைக் கேட்லாகில் போட்டுவிடாதீர்கள்.