ஹண்ட்ரடா, சிட்-அப்பா, நௌகாசனமா?

மூன்றுமே வயிற்றுக்கான பயிற்சிகள்தான், மூன்றுக்கும் ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். என் ஓட்டு பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சி முறையில் வரும் ஹண்ட்ரடுக்கு. ஆனால் எல்லாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

முதலில் சிட்-அப். நம்ம ஊர் மைதானங்களில் ராணுவத்துக்குத் தயாராகும் பையன்கள், ஒருத்தன் காலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தன் மூச்சு முட்ட எழுந்து எழுந்து படுப்பான். ஆள்சேர்ப்பில் கேட்பது 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப், 9 அடி பள்ளம் தாண்டுவது, ஜிக்ஜாக் கட்டையில் நடப்பது. சிட்-அப் அந்தப் பட்டியலிலேயே இல்லை! காலைப் பிடித்துக்கொண்டால் வயிற்றைவிட தொடையை மடக்கும் தசைகளே அதிகம் இழுக்கும், அவற்றில் பெரியது கீழ்முதுகெலும்பிலிருந்து கிளம்புவதால் முதுகுக்குத்தான் அடி. முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் ரொம்ப காலமாகவே சிட்-அப் வேண்டாம் என்கிறார். அமெரிக்க ராணுவமும் தன் உடற்தகுதித் தேர்விலிருந்து அதை எடுத்துவிட்டு, முன்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்திருக்கும் பிளாங்க் வைத்திருக்கிறது.

ஹண்ட்ரட் வேறு மாதிரி. ஜெர்மனியில் 1883இல் பிறந்து பின்னால் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்திய ஜோசப் பிலாட்டீஸ், 1945இல் வெளியிட்ட 34 பாய்ப் பயிற்சிகளில் இதைத்தான் முதலாவதாக வைத்தார். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி உயர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் மேலும் கீழும் சிறிதாக அடிக்க வேண்டும். 5 அடிக்கு மூச்சு உள்ளே, 5 அடிக்கு வெளியே, இப்படி 10 மூச்சு, மொத்தம் 100. கை ஆடிக்கொண்டே இருக்க, உடம்பு அசையக் கூடாது. அதில்தான் வயிறு வேலை செய்கிறது, அதுவும் முதுகைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தாமலே. மூச்சு எண்ணிக்கை இருப்பதால் தம் கட்டவும் முடியாது, உடம்பும் நன்றாகச் சூடேறும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் காலை நடை நின்றுபோகிற மாதங்களில் வீட்டுக்குள்ளேயே செய்ய இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை (மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்ட கையோடு மட்டும் வேண்டாம்). ஆனால் தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எந்தப் பயிற்சியும் அப்படிச் செய்யாது.

சுமையை நாமே கூட்டிக் குறைக்கலாம் என்பது இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. முழங்காலை மடக்கினால் லேசு, காலை நீட்டித் தாழ்த்தத் தாழ்த்தக் கடினம். கீழ்முதுகு தரையை விட்டு வில்லாக எழும்பினால் உடனே முழங்காலை மடக்கிவிடுங்கள். கழுத்து வலித்தால் தலையைத் தரையில் வைத்துவிட்டு கையையும் மூச்சையும் தொடருங்கள், தப்பில்லை. வெறும் கோரைப்பாய் போதாது, வால் எலும்பு உறுத்தும், ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

யோகாவில் படகு ஆசனம் என்கிற நௌகாசனத்தை ஹண்ட்ரடுக்குப் பக்கத்திலேயே வைப்பேன். உட்கார்ந்து முதுகை நிமிர்த்தி காலைத் தூக்குவதால் கழுத்துக்குத் தொல்லை குறைவு. அப்புறம், சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். கன்னியாகுமரியில் யோகா சொல்லித்தரும் விவேகானந்த கேந்திரமே இருக்கிற மாவட்டம் இது. ஆனால் தனியாகச் செய்யும்போது பாதிப் பேருக்கு முதுகு கூன் விழுந்து மூச்சும் நின்றுவிடுகிறது. ஹண்ட்ரடில் மூச்சை எண்ண வேண்டியிருப்பதால் அந்தத் தப்பு சீக்கிரமே தெரிந்துவிடும்.

சரி, யாருக்கு ஹண்ட்ரட் வேண்டாம்? டிஸ்க் பிதுங்கியவர்கள், எலும்பு தேய்ந்து பலம் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். குலசேகரம் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) குனிந்தே உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்கும் நான் இதை முதலில் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க முன்னால் வளைந்த முதுகை மறுபடியும் முன்னால் வளைப்பானேன்? அவர்களுக்கு பிலாட்டீஸிலேயே ஸ்விம்மிங் இருக்கிறது: குப்புறப் படுத்து வலது கையும் இடது காலும், பிறகு இடது கையும் வலது காலும் என்று மாற்றி மாற்றித் தூக்குவது. அதுவும் கடினமாக இருந்தால் குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனத்தை ஒவ்வொரு காலாகச் செய்து பழகலாம், வேலை முடிந்து வந்து கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு.