ஜிஎஃப்எஸ்ஸா, ஐரோப்பிய மாடலா?

தூரக் கடலில் ஒரு மேகக்கூட்டம் தெரிந்தாலே, "இது புயலாகுமா?" என்ற வாதம் கிளம்பிவிடும். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் (வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி) நாளுக்கு 4 முறை ஓடி, 16 நாள் வரை கணித்துக் காட்டும். ஆனால் 10 நாளுக்கு அப்பால் அது வரையும் புயல்களில் பல, அடுத்த ஓட்டத்திலேயே காணாமல் போய்விடும்.

ஐரோப்பிய மாடல் அவ்வளவு அவசரப்படாது. அதனாலேயே சில சமயம் தாமதமாகப் பிடிக்கும். என் ஓட்டு இதற்குத்தான். அதிலும் ஒற்றை ஓட்டத்தை நம்பாமல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டும் 50 குழும ஓட்டங்களில் எத்தனை சுழற்சியைக் காட்டுகின்றன என்று பாருங்கள்.

சரி, இரண்டுமே புயல் என்றால்? அது வளர, கடல்நீர் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். அப்புறம் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்: மேகங்கள் மையத்தைவிட்டு ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தால், மேலடுக்குக் காற்று அதை வளரவிடவில்லை.