தாராசுரமா, தஞ்சாவூரா, கங்கைகொண்ட சோழபுரமா? கல்யாணத்துக்கு வந்தவர்களை எங்கே அழைத்துப் போவது

கும்பகோணத்தில் கல்யாணம் வைத்தால் பத்திரிகையை நீட்டும்போதே ஒரு கேள்வி வந்துவிடும்: "அப்படியே பக்கத்துல ரெண்டு கோயில் பார்த்துடலாம் இல்லையா?" வாய் ரெண்டு என்று சொல்லும், மனசில் இருபது இருக்கும். என் மூத்த மகள் கல்யாணம் போன வைகாசியில் நடந்தது. பெங்களூரு, புனே என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டும் 34 பேர். முதல் நாள் விடியற்காலையே ரயிலில் வந்து இறங்கிவிட்டார்கள். ரிசப்ஷன் சாயங்காலம் 7 மணிக்கு, முகூர்த்தம் மறுநாள் காலையில். நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடக்கிறது. குளித்து, இட்லி பொங்கல் சாப்பிட்டு, 8 மணிக்கெல்லாம் புதுச்சட்டையோடு மண்டப வாசலில் நிற்கிறவர்களை என்ன செய்வது?

எங்கள் முன்னால் இருந்தவை மூன்று. மூன்றும் சோழர் கோயில்கள், மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. தஞ்சைப் பெரிய கோயில் 1987-லும் மற்ற இரண்டும் 2004-லும் சேர்ந்தன. எது பெரிய கோயில், எது அழகு என்ற சண்டைக்குள் நான் இறங்கவில்லை. நாங்கள் போனது தாராசுரம். அடுத்தவள் கல்யாணத்துக்கும் அங்கேதான் போவேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் மற்ற இரண்டுக்கும் உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன்.

தஞ்சாவூரின் பலம் அதன் பெயர். விருந்தாளி ஊர் திரும்பியதும் "பெரிய கோயில் பார்த்தீர்களா?" என்றுதான் நாலு பேர் கேட்பார்கள், தாராசுரம் பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த 216 அடி விமானத்துக்கு முன்னால் நின்றால் வாயாடிக் குழந்தைகளும் ஒரு நிமிஷம் அடங்கும். "நிழல் தரையில் விழாதாமே?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தாராளமாக விழும். நான் போனபோது எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அந்த நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அரண்மனைக் கலைக்கூடம் இன்னொரு பலம். செப்புத் திருமேனிகளை அவ்வளவு பக்கத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? ஒரு விசித்திரமும் உண்டு. தாராசுரத்துச் சிற்பங்கள் சில இப்போது அங்கேதான் இருக்கின்றன. அதில் ஒரு துவாரபாலகர் தாராசுரத்துக்கே வெளியூர்க்காரர். சாளுக்கியர் தலைநகரான கல்யாணபுரத்தை வென்ற ராஜாதிராஜன் அங்கிருந்து கொண்டுவந்தது என்று சிலையின் பீடத்திலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். கல்யாணபுரம் என்பது இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண். தாராசுரத்தில் நின்றுகொண்டு சம்பந்தியின் கன்னட நண்பரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அப்படியென்றால் அவரிடம்தானே முதலில் அழைத்துப் போயிருக்க வேண்டும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரம் என் சொந்த விருப்பம். கும்பகோணத்திலிருந்து ஆனைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் சுமார் 35 கிலோமீட்டர். ராஜேந்திரன் அப்பாவை மிஞ்சாமல் கொஞ்சம் உயரத்தைக் குறைத்துக் கட்டிய விமானம். தஞ்சை விமானம் விறைத்து நிமிர்ந்து நிற்கும், இது மெல்ல உள்வாங்கி வளைந்து மேலே போகும். சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சுற்றிவிடுகிற சிற்பத்தின் முன்னால் அரைமணி நேரம் நிற்கலாம். சுற்றிலும் புல்வெளி, கூட்டம் குறைவு. ஆனால் 30 பேருக்குச் சாப்பாடு என்றால் பக்கத்து ஊரான ஜெயங்கொண்டத்துக்கு ஓட வேண்டியிருக்கும். நான் அங்கே போனதெல்லாம் மனைவி மக்களோடு காரில்தான், கல்யாணக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. பத்துப் பேர், எல்லோரும் நன்றாக நடக்கிறவர்கள், கல்யாணம் முடிந்த மறுநாள் என்றால் யோசிக்காமல் போகச் சொல்வேன்.

இனி எங்கள் தேர்வைத் தீர்மானித்த ஒரே விஷயம். தூரம் என்று நினைப்பீர்கள். தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், தாராசுரம் 4 கிலோமீட்டர், இதில் அலச என்ன இருக்கிறது என்று. ஆனால் தூரம் பாதி விஷயம்தான். போனவர்களில் ஒருத்தர் மட்டும் பாதியில் கழன்றுகொண்டு மண்டபத்துக்குத் திரும்ப முடியுமா என்பதுதான் முழு விஷயம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வேன் வைத்துத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். பெரிய கோயில் முடிந்தது. அரண்மனைக்குள் நுழைந்து கால் மணி ஆகவில்லை, மண்டபத்திலிருந்து போன். நகைப் பெட்டியின் சாவி மாப்பிள்ளையின் அத்தை இடுப்பில் இருக்கிறது! பெட்டி கும்பகோணத்தில், அத்தை தஞ்சாவூரில். 17 பேரும் வேனில் ஏறினோம். அத்தை வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. கலைக்கூடத்துக்கென்றே வந்த அவருடைய தம்பி, அதற்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார். பாபநாசம் தாண்டுகிறவரை அந்த வேனில் நான் பெண் வீட்டுக்காரனாக உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் யாருக்கு எப்போது மண்டபம் தேவைப்படும் என்று சொல்லவே முடியாது. பியூட்டி பார்லர் பெண் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பாள். மத்தியான ரயிலில் வரும் பெரியப்பாவை அழைத்துவர அவருடைய மகன்தான் போக வேண்டும், வேறு யார் போனாலும் அவர் முகம் கொடுக்க மாட்டார். சர்க்கரைக்காரர்கள் 12:30-க்குச் சாப்பிட்டாக வேண்டும். சீர்த்தட்டு எத்தனை என்று கேட்க மாமாவைத் தேடுவார்கள். பயணக் களைப்பில் ஒரு குழந்தையாவது வாந்தி எடுக்கும். 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் இதில் ஒவ்வொன்றும் வேனில் இருக்கிற அத்தனை பேருடைய பிரச்சினை. 4 கிலோமீட்டரில் இருந்தால் அது ஒரு ஆட்டோவோடு முடிந்துபோகும்.

எங்களுக்கு அப்படித்தான் முடிந்தது. காலை 9 மணி வாக்கில் புனேக் குழந்தை ஒன்று வாந்தி எடுத்தது. அம்மாவும் பிள்ளையும் ஆட்டோவில் திரும்பினார்கள், மற்றவர்கள் நந்திக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆட்டோவில், "நான் வரலை" என்று காலையில் படுத்துவிட்ட சம்பந்தியின் அம்மா மனசு மாறி வந்து இறங்கினார். தஞ்சாவூராக இருந்தால் அவர் அன்றைக்கு மண்டபத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்திருப்பார்.

செலவிலும் இது பேசுகிறது. தஞ்சாவூர் என்றால் 34 பேருக்கு இரண்டு வேன், முழு நாள் வாடகை, வெளியில் மத்தியானச் சாப்பாடு. அன்றைக்கு மண்டபத்தில் சமையல்காரர் எப்படியும் வீட்டு ஆட்களுக்குச் சமைக்கிறார், அதற்கும் ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தரம் கொடுப்பானேன்? தாராசுரத்துக்கு ஒரே வேன் போய்ப் போய் வந்தது, மூன்று நடை. முதல் நடையில் போனவர்கள் முதலில் திரும்பினார்கள், யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

மத்தியான நடை சாத்தல் இன்னொரு கணக்கு. இந்தப் பக்கத்துக் கோயில்களில் உச்சிக்காலம் முடிந்து சன்னதி சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகும். காபி, குளியல், டிபன் எல்லாம் முடித்து வேன் கிளம்பி, வழியில் ஒரு டீ, தஞ்சாவூரில் ஒரு டிராஃபிக் என்று போனால் 11 மணி. தரிசனத்துக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதுவும் கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு. தாராசுரத்தில் 8:30-க்கு உள்ளே இருந்தோம், 10:30-க்குக் கல் சூடாகத் தொடங்கும்போது வெளியே வந்துவிட்டோம்.

பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டமான கோயிலைத் தலையில் கட்டிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. தஞ்சாவூரில் அண்ணாந்து பார்க்க வேண்டும், இங்கே குனிந்து பார்க்க வேண்டும். அழகெல்லாம் கண்மட்டத்திலும் முழங்கால் மட்டத்திலும்தான் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான கோயில் கிடையாது. முன்மண்டபமே தேர், கல்லில் சக்கரம், இழுக்கக் குதிரை. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. எங்கள் வாண்டுகள் அதைவிட்டு நகரவே இல்லை. கருவறைச் சுவரின் அடியில் அறுபத்து மூவர் கதைகள் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன. ஆட்டோவில் வந்த பாட்டி அங்கே உட்கார்ந்து பேரனுக்குக் கண்ணப்பர் கதையை மராத்தியும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டிருந்தார். தட்டினால் ஸ்வரம் எழுப்பும் பலிபீடப் படிகளைத் தொட முடியாது, கம்பி வைத்து அடைத்துவிட்டார்கள். தட்டித் தட்டித் தேய்த்தது நாம்தானே.

குறைகளும் உண்டு. கோயில் இப்போதைய தரைமட்டத்தைவிடத் தாழ்ந்து கிடப்பதால் ஐப்பசி கார்த்திகை மழையில் முன்னால் தண்ணீர் தேங்கும், அந்த மாதக் கல்யாணத்துக்கு இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிற்பத்தில் ஆர்வமில்லாதவர்களுக்கு அரைமணியில் முடிந்துவிடும். பெங்களூரு இளைஞர் ஒருவர் என்னிடமே கேட்டார்: "அவ்வளவுதானா அங்கிள்?"

அந்த அங்கிளுக்காகத்தான் சுவாமிமலையைச் சேர்த்தோம். வேன் அங்கிருந்து சுவாமிமலைக்கு ஒரு நடை போனது, விருப்பப்பட்ட 12 பேர் மட்டும். முருகன் கோயிலை நான் முதல் நோக்கமாக வைக்கவில்லை. நமக்கு நல்ல நாள் என்றால் ஊருக்கே நல்ல நாள், இங்கேயும் உப்பிலியப்பன் கோயிலிலும் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வரிசை கட்டி நிற்கும் காலம் அது. எங்கள் இலக்கு சிலை வார்க்கும் பட்டறை. தேன்மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை, அதனால் ஒரு அச்சில் ஒன்றே ஒன்று. 'அவ்வளவுதானா' கேட்ட பையன் இங்கே ஸ்தபதியிடம் கேள்விமேல் கேள்வி கேட்டான். கோயிலுக்குப் போனவர்கள் 60 படியேறினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் ஆண்டின் பெயர் என்பதால், தான் பிறந்த வருஷத்தைத் தேடிக்கொண்டே ஏறிய என் அத்தை மூச்சு வாங்குவதையே மறந்துவிட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும் ஒரே நாளில் என்று யாராவது ஆசை காட்டினால் கல்யாணத்துக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம், திங்களூர் ஒரு கோடி, திருநள்ளாறு இன்னொரு கோடி. தரங்கம்பாடி நல்ல ஊர், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் கடலும். ஆனால் நான் ஒரே ஒரு தடவை போனதை வைத்து விருந்தாளிகளை அனுப்பச் சொல்ல மாட்டேன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. சின்ன ஓட்டு வீடு, 20 நிமிஷம் போதும். கூட்டத்தில் கணக்கு வாத்தியார் இருந்தால் அவரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போகலாம். மகாமகக் குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் ஒரு நடை, சாப்பாட்டுக்குப் பிறகு தூங்காதவர்களுக்கு.

கல்யாணம் முடிந்த மறுநாள் நிலைமையே வேறு. சாவியைத் தேட ஆளில்லை, பார்லர் பெண் இல்லை. கன்னட நண்பர் மட்டும் ஒரு நாள் கூடத் தங்கி, மனைவியோடு காலை ரயிலில் தஞ்சாவூர் போனார். மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. துவாரபாலகரும் அவரும் பக்கத்தில் பக்கத்தில். கீழே ஒரு வரி: "எங்கள் ஊர்க்காரரைப் பார்த்துவிட்டேன் சார். நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள்."