91 சதவீதம் படித்துவிட்டேனாம்: ஒரு பழைய இ-ரீடரும் பலவகைப் புத்தகங்களும்

மின்னூல் படிப்பதற்கென்றே பல வருடங்களாகக் கையில் இருக்கும் இ-ரீடருக்குச் சமீபத்தில் பேட்டரி மாற்றினேன். அதைக் கேள்விப்பட்ட நண்பர், "வாய் ஓயாம அதைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க, இப்ப காசு போட்டு உயிர் கொடுத்திருக்கீங்க. நான் ஒண்ணு வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இவர் ஒரு வகைப் புத்தகத்தோடு நிற்கிறவர் இல்லை. துப்பறியும் நாவலை முடித்த கையோடு பொருளாதார வரலாற்றில் இறங்குவார். நடுவில் யாருடைய தன்வரலாறாவது ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவரிடம் நல்ல கருவி, வாங்குங்கள் என்று ஒரே வரியில் சொன்னால் பிறகு என்னைத்தான் திட்டுவார்.

திரை கண்ணை உறுத்தாது, சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும், ஒரு அலமாரிப் புத்தகம் உள்ளே அடங்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எந்த வகைப் புத்தகத்திடம் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாவலில் ஆரம்பிக்கிறேன், அங்கே எனக்குக் குறையே இல்லை என்பதால். அதிலும் தடித்த நாவல்கள். 900 பக்க நாவலைப் படுத்துக்கொண்டு காகிதத்தில் படித்தவர்களுக்கு மணிக்கட்டு வலி என்றால் என்னவென்று தெரியும். எடை ஒரு பக்கம் இருக்கட்டும், நான் எதிர்பார்க்காத சுகம் தேடல் வசதிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய நாவல் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளை ஓரிடத்தில் சொந்தப் பெயரும் தந்தை வழிப் பெயரும் சேர்த்து அழைப்பார்கள், இன்னோரிடத்தில் குடும்பப் பெயரால், வீட்டுக்குள் செல்லப் பெயரால். 40 பக்கம் காணாமல் போயிருந்துவிட்டு அவன் திரும்பி வரும்போது 'யாருடா இவன்' என்று முழிக்க வேண்டியிருக்கும். காகிதத்தில் என்றால் முன்பக்கத்துப் பாத்திரப் பட்டியலுக்கு ஓடுவோம். இங்கே பெயரை அழுத்திப் பிடித்துத் தேடச் சொன்னால், அது வரும் இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. முதல் இடத்தைத் தொட்டால் அவன் அறிமுகமாகும் காட்சி. ஐந்தாறு வினாடி வேலை. பாதியில் கைவிட்டிருந்த சில பெரிய நாவல்களை நான் முடித்ததே இதனால்தான்.

துப்பறியும் கதைக்கு வேறு மாதிரி உதவி. காகிதப் புத்தகத்தில் வலது கையில் மிச்சமிருக்கும் பக்கங்களே துப்புக் கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டர் ஒருவனை விலங்கு மாட்டி இழுத்துப்போகும்போது இன்னும் 80 பக்கம் பாக்கி இருந்தால், அவன் கொலைகாரன் இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். இ-ரீடரில் கீழே ஓடும் சதவீதத்தை மறைத்துவிட்டால் அந்தத் துப்பு கிடைக்காது. மறைக்காவிட்டாலும் ஏமாற வாய்ப்பு உண்டு. தொடர் நாவல்களின் கடைசியில் அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயத்தைச் சும்மா சேர்த்துவிடுகிறார்கள். இன்னும் எட்டு சதவீதம் இருக்கிறதே, ஒரு திருப்பம் பாக்கி என்று நம்பிக்கொண்டிருக்கையில் கதை சட்டென்று முடிந்துபோகும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதையே ரசிக்கிறேன். 'இந்த அத்தியாயம் முடிய 6 நிமிடம்' என்று மூலையில் வருவதை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். யார் கொன்றது என்று பதறிக்கொண்டிருப்பவனிடம் ரயில் நிலைய ஒலிபெருக்கி மாதிரி நேரம் சொல்வது என்ன நாகரிகம்?

சரி, இப்போது என் ரத்த அழுத்தத்துக்கு வருவோம்.

வரலாற்று நூல் ஒன்றைத் திறக்கிறீர்கள். ஒரு பஞ்சத்தில் இத்தனை லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு வாக்கியம். அதன் முடிவில் பொடி எழுத்தில் ஒரு எண். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் நகர மனம் வராது. அபுனைவு, அதாவது கதையல்லாத நூல், படிப்பதில் பாதி சுவாரசியம் அதுதானே. எண்ணைத் தொடப் போனால் விரல் ஓரத்தில் பட்டுப் பக்கம் திரும்பிவிடும். திரும்பி வந்து மறுபடி தொட்டால், நூலின் கடைசியில் இருக்கும் குறிப்புகளுக்குத் தூக்கிக்கொண்டு போகும். குறிப்பைப் படித்தாயிற்று. பக்கத்திலேயே இருக்கும் அடுத்த குறிப்பும் நன்றாக இருக்கிறதே என்று ஒரு பக்கம் தள்ளினால் போச்சு. நான் 91 சதவீதம் படித்துவிட்டதாகக் கருவி முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் நான் இருப்பது மூன்றாம் அத்தியாயத்தில், 14ஆவது சதவீதத்தில்.

அன்று இரவு கைப்பேசியில் அதே நூலைத் திறந்தால், நீங்கள் 91 சதவீதம் வரை படித்திருக்கிறீர்கள், அங்கே போகலாமா என்கிறது. வேண்டாம். மறுநாள் கருவியில் திறந்தால் மறுபடி அதே கேள்வி. வேண்டாம். அதற்கடுத்த நாளும். இதை அழிக்க வழி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வழி கருவியில் கிடையாது. கணினியில் உட்கார்ந்து, கணக்குக்குள் நுழைந்து, ஒவ்வொரு நூலாகத் தேடிப்பிடித்துச் செய்ய வேண்டும். அடுத்த குறிப்பைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து.

இதைச் செய்தவர்கள் மனதில் வாசிப்பு என்றால் முதல் வரியில் கிளம்பிக் கடைசி வரியில் போய்ச் சேர்வது. நாவலை அப்படித்தான் படிக்கிறோம். வரலாற்றையோ அறிவியலையோ யார் அப்படிப் படிக்கிறார்கள்? குறிப்புக்குப் போவோம், வரைபடத்துக்கு வருவோம், இரண்டு அத்தியாயம் முன்னால் பார்த்த அட்டவணையை இன்னொரு தடவை பார்ப்போம். காகிதத்தில் வரைபடத்தில் ஒரு விரல், குறிப்பில் ஒரு விரல் என்று செருகிவைத்துக்கொண்டே படித்துவிடலாம். இங்கே விரல் செருக இடமே இல்லை.

வரைபடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு பக்கங்களில் விரிந்த படத்தை நடுவில் வெட்டி, இடது பாதி ஒரு திரை, வலது பாதி அடுத்த திரை என்று போட்டிருப்பார்கள். ஆறு வலது பாதியில் ஓடும், ஊர் இடது பாதியில் இருக்கும். சிவப்பு அம்பு ஒரு படை, நீல அம்பு எதிர்ப்படை என்று விளக்கம் இருக்கும். என் கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டும் ஒரே சாம்பல். வண்ணத் திரை வந்துவிட்டதே என்பார்கள். இ-ரீடர்களில் வரும் கலீடோ 3 என்ற வண்ணத் திரையில் கறுப்பு வெள்ளை எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150 தான். அதோடு திரைக்கு மேல் வண்ண வடிகட்டி உட்கார்ந்திருப்பதால் வெறும் எழுத்துப் பக்கமும் கொஞ்சம் மங்கித் தெரிகிறது. அவ்வப்போது வரும் ஒரு வரைபடத்துக்காக எல்லாப் பக்கங்களையும் மங்கலாகப் படிக்க நான் தயாரில்லை.

நூலின் கடைசியில் இருக்கும் அடைவு இன்னொரு கூத்து. 'நில வரி: 112, 187' என்று இருக்கும். எந்த 112? அது காகிதப் பதிப்பின் பக்க எண். தொட்டால் எங்கும் போகாது. தேடல்தான் இருக்கிறதே என்று நாவலில் புகழ்ந்த அதே தேடலில் 'வரி' என்று போட்டுப் பாருங்கள். வரிசை, முகவரி, கடைசி வரி எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். இந்த இடத்தில் ஆசிரியர் நில வரியைப் பற்றி உருப்படியாகப் பேசுகிறார் என்று ஒரு மனிதர் படித்துப் பார்த்துப் போட்ட அடைவின் வேலையை எழுத்துத் தேடல் செய்யாது.

நியாயமாகச் சொன்னால் பழி முழுவதும் கருவியுடையது இல்லை. மின்னூல்களுக்கான பொது வடிவமான இ-பப் கோப்பு என்பது வலைப்பக்கங்களை மூட்டை கட்டிய ஒரு ஜிப் கோப்புதான். குறிப்பு எண்ணைத் தொட்டால் அதே பக்கத்தில் சின்னப் பெட்டியாகத் திறக்கவும், காகிதப் பதிப்பின் பக்க எண்களை உள்ளே பொதிந்து வைக்கவும் 2011இல் வந்த இ-பப் 3 இடம் கொடுக்கிறது. அச்சுக்குத் தயாரான கோப்பை அப்படியே மாற்றித் தள்ளிவிடும் பதிப்பகத்துக்கு அதைச் செய்யப் பொறுமை இல்லை. செய்தவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ வரலாறு ஒன்றில் குறிப்புகள் எல்லாம் பெட்டியாகத் திறந்தன. அதில் ஒரு குறிப்பையும் விடாமல் படித்தேன். காகிதத்தில் சத்தியமாகப் படித்திருக்க மாட்டேன். ஒழுங்காகச் செய்தால் காகிதத்தை விட இது மேல் என்று தெரிந்ததுதான் எரிச்சலை இரண்டு மடங்காக்கியது. வாங்கும் முன் மாதிரியை இறக்கிச் சோதிக்கலாம் என்று பார்த்தால், மாதிரியில் வருவது முன்பகுதி மட்டும். குறிப்புகள் அதில் இருக்காது.

இனி நட்சத்திரமும் பரிந்துரையும். நாவலின் கடைசி வாக்கியத்தைப் படித்து இன்னும் மூச்சுகூட விடவில்லை, அதற்குள் பெட்டி திறந்து எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறது. மோசமான நேரம், ஆனால் கேட்கவாவது செய்கிறது. வரலாற்று நூல்களில் பல, சொல்ல வந்ததை 60, 65 சதவீதத்திலேயே முடித்துவிடும். மிச்சமெல்லாம் குறிப்பு, நூற்பட்டியல், அடைவு. நான் படித்து முடித்து அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டேன். கருவியைப் பொறுத்தவரை அது இன்னும் படித்துக்கொண்டிருக்கும் புத்தகம். 'முடித்தவை' பட்டியலில் நாவல்களாகக் குவிந்திருக்கின்றன. எனக்கு வரும் பரிந்துரைகளும் கத்தியும் ரத்தமுமாகவே இருக்கின்றன. முடிக்கும் வகையைத்தான் இவன் விரும்புகிறான் என்று கணக்குப் போடுகிறதோ என்னவோ. என் ஊகம்தான் இது. ஆனால் பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஐந்து நட்சத்திரத்திலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்பது தனிக்கதை. ஒரே மூச்சில் படித்து மறுவாரம் மறந்துபோகும் மர்ம நாவலுக்கும் ஐந்து கொடுக்கத் தோன்றுகிறது. ஒரு நோயின் வரலாற்றைப் பத்து வருட உழைப்பில் எழுதியவருக்கு, நடை கொஞ்சம் வறட்சி என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தச் சொன்னால் எப்படி? யாராவது புத்தகம் கேட்டால் நட்சத்திரம் பார்க்காமல், அவர் கடைசியாக எதைப் பாதியில் வைத்தார் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். இந்தக் கருவி அதைக் கேட்டதே இல்லை.

கவிதையை இதில் படிக்க வேண்டாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் அடிகள் கண்ட இடத்தில் மடங்கும். கவிஞர் எங்கே நிறுத்தினார் என்றே தெரியாது. தமிழ்ப் புத்தகங்கள் இப்போது பரவாயில்லை, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்ற காலம் போய்விட்டது. அகராதிதான் உதவாது. ஆங்கில நூலில் சொல்லைத் தொட்டதும் பொருள் வருகிறது. தமிழில் 'இறைஞ்சிக்கொண்டிருந்தவனை' என்று இருந்தால் அந்த முழுச்சொல்லையும் அகராதியில் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரிக்கும். இறைஞ்சு வரை உரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

பழுது பார்க்கக் கொடுத்தபோது கருவியைத் துடைத்துப் புதிதுபோல் திருப்பித் தந்தார்கள். கணக்கில் வாங்கிய நூல்கள் அடிக்கோடுகளோடு திரும்பி வந்தன. நானே கணினியிலிருந்து ஏற்றிய நூல்களின் அடிக்கோடுகள் போயே போய்விட்டன. வாங்கிய நூல்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அடிக்கோடிட்டதை வெளியே எடுக்கப் பதிப்பகம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நாவலில் யாரும் அந்த வரம்பைத் தொடப்போவதில்லை. வரலாற்று நூலில் பாதியிலேயே தொட்டுவிடுகிறேன், அதற்குமேல் நான் கோடிட்ட வரிகளே எனக்குக் கிடைப்பதில்லை.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால், நாவல் ஒரு பங்கும் அபுனைவு இரண்டு பங்கும் படிக்கிற நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். இப்போது நான் ஒரு பெரிய நாவலின் நடுவில் இருக்கிறேன், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை, இன்னும் பாதி பாக்கி. எனக்கு இந்தக் கருவி மேல் ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த மாதம் வரலாற்றுக்குத் திரும்பியபின் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும், அது அவருடைய நேரம்.

குறிப்பும் வரைபடமும் நிறைந்த நூல்களை அவர் காகிதத்திலேயே வாங்கிக்கொள்ளட்டும். தன்வரலாறும் கட்டுரைத் தொகுப்பும் இதில் நன்றாகவே ஓடும். பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் விரலோடு போடும் சண்டை பாதியாகக் குறையும். படித்த இடத்தைக் கைப்பேசிக்கும் கருவிக்கும் ஒத்திசைக்கும் வசதியை அணைத்துவிட்டால் 91 சதவீதத் தொல்லை தீரும். ஆனால் அணைத்தால் எல்லாப் புத்தகத்துக்கும் சேர்த்துத்தான் அணையும், நாவல் விட்ட இடமும் கைப்பேசியில் கிடைக்காது. அதனால் நான் அணைக்காமல் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.